முகம் இருந்த பக்கம்

அரிதட்டின் சத்தம் நின்றதைத்தான் நஃபீஸா முதலில் கவனித்தாள்.

ஒரு மாதமாக அந்தச் சத்தம் அவள் காதுக்குள்ளேயே குடியிருந்தது. மாம்புரியில், கடலேரிப் பக்கமாக இருந்த ஒரு தென்னந்தோட்டத்தில் மூன்று சதுரக் குழிகள் வெட்டியிருந்தார்கள். குழியிலிருந்து வாளி வாளியாக வரும் மண்ணைக் கயிற்றில் தொங்கும் பெரிய அரிதட்டில் கொட்டி ஆட்டுவது அவளுடைய கணவர் பதியுதீனின் வேலை. தட்டில் தங்கும் பழைய மட்பாண்ட ஓட்டுத் துண்டுகளை ஓலைக் கொட்டிலுக்குள் இருந்து கழுவுவது அவளுடைய வேலை. கச்சான் காற்று தென்னைகளைப் பிடித்து உலுப்பும் நேரத்திலும் சரக் சரக்கென்ற அந்த ஓசை தனியாகக் கேட்கும். தண்ணீர் குடிக்கவோ லுஹர் தொழவோ போனால்தான் அது நிற்கும். இப்போது காலை பத்து மணிகூட ஆகவில்லை.

கையில் பிரஷோடு எட்டிப் பார்த்தாள். பதியுதீன் குனிந்து நின்றார். வலது கை தட்டிலிருந்த மண்ணுக்குள் இருந்தது. கண்கள் மூடியிருந்தன. கலியாணம் முடித்த புதிதில், மன்னாரில், எருக்கலம்பிட்டியில், சங்கு குளித்துவிட்டு வரும் நாட்களில் அவர் சொல்வதுண்டு, கலங்கல் தண்ணீரில் கண்ணை நம்பிப் பிரயோசனமில்லை, விரலைத்தான் நம்பவேண்டும் என்று.

"மிஸ்," என்றார் அவர், குரலை உயர்த்தாமல். "இங்க கொஞ்சம் வாங்க."

மதுசா குழியிலிருந்து ஏறி வந்தாள். யாழ்ப்பாணத்துப் பெண், முப்பது வயதுகூட இராது. கொழும்பிலிருந்து வந்த அகழ்வுக் குழுவில், இங்கேயே தங்கி நின்று வேலைகளைப் பார்ப்பவள் அவள்தான். பதியுதீனின் உள்ளங்கையைக் குனிந்து பார்த்தவள், தொப்பியைக் கழற்றிவிட்டு மறுபடியும் பார்த்தாள்.

ஒரு பச்சைக் கட்டி. பெருவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. பாசி பிடித்த பொத்தான் போல இருந்தது.

"காசு நானா இது," என்றாள் மதுசா; பதியுதீனை எல்லோரும் அண்ணன் முறைக்கு நானா என்றுதான் கூப்பிடுவார்கள். அதை வெயிலில் இப்படியும் அப்படியும் சரித்தாள். "சரிச்சுப் பிடிச்சாத்தான் தெரியுது. இங்க ஒரு தலை. மற்றப் பக்கம் குதிரை மாதிரி... கிரேக்கக் காசா இருக்கலாம். வியாழக்கிழமை பேராசிரியர் வாறார், அவர் பாத்துத்தான் சொல்லோணும்."

"கிரேக்கம் எண்டா?"

"யவனர் எண்டு கேள்விப்பட்டிருப்பீங்கள். கப்பல்ல வந்து வியாபாரம் செய்த ஆக்கள். உங்கட ஆக்களைச் சொல்ற சோனகர் எண்ட சொல்லும் அதில இருந்துதான் வந்ததெண்டு சிலர் சொல்லினம்."

கொட்டிலுக்குள் நஃபீஸாவுக்குப் பக்கத்தில் இருந்து ஓடு கழுவிக்கொண்டிருந்த அக்னஸ் சும்மா இருக்கவில்லை. "அப்ப அது நானாட சொந்தக்காரர்ட காசு மிஸ். ஆளிட்டயே குடுத்துவிடுங்கோ."

எல்லோரும் சிரித்தார்கள். பதியுதீனும் சிரித்தார். பல் தெரியச் சிரித்தார். நஃபீஸா பிரஷைக் கீழே வைத்தாள்.

மதுசா தன் பதிவுப் புத்தகத்தைத் திறந்து எழுதினாள். இலக்கம் இருநூற்றுப் பதினான்கு. மூன்றாம் குழி, நாலாம் மண்படை. செப்புக் காசு. கண்டெடுத்தவர்: மு. பதியுதீன்.

"என்ன எழுதினீங்க மிஸ்?"

வாசித்தாள்.

"கடைசியா உள்ளத இன்னொருக்கா?"

"கண்டெடுத்தவர், மு. பதியுதீன்."

அவர் தலையசைத்துவிட்டு அரிதட்டுக்குத் திரும்பினார். அவருடைய பெயர் எத்தனையோ காகிதங்களில் எழுதப்பட்டிருக்கிறது. முகாமில் நிவாரண அட்டையில், இடம்பெயர்ந்தோர் பட்டியலில், வீட்டுத்திட்டத்துக்குக் காத்திருப்போர் பட்டியலில், திருப்பிப் பதியச் சொன்னபோது அதே பட்டியலின் புதுப் பிரதியில். ஒவ்வொரு தடவையும் என்னென்ன போனது என்று கேட்டு எழுதினார்கள். இவர் ஒன்றைக் கண்டெடுத்தார் என்று எவரும் எழுதியதில்லை.

"நானா, கவனம்," என்றாள் அக்னஸ். "என்ர பேரும் அந்தப் புத்தகத்தில கிடந்ததுதான். நூற்றித் தொண்ணூற்றெட்டு. மணி எண்டு எழுதினவ. பிறகு அது மீன்ர முள்ளந்தண்டு எண்டு கண்டவுடன சிவப்பு மையால ஒரே வெட்டு. பேரோட சேத்து."

அக்னஸ் அப்படித்தான். சண்டைக் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து கண்டக்குழிக்கு வந்து, அங்கேயே ஒரு மீனவரைக் கட்டிக்கொண்டு இருந்துவிட்டவள். முதல் வாரத்தில், இந்தத் தடித்த ஓடுகளும் வளைந்த காதுகளும் தூர தேசத்திலிருந்து மதுவைக் கொண்டுவந்த பெருங்குடங்களின் துண்டுகள் என்று மதுசா சொன்னபோது, நஃபீஸா கையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டாள். சாராயக் குடத்தை நான் எப்படித் தொட்டுக் கழுவுவது என்றாள். அக்னஸ்தான் அவளைப் பிடித்து இருத்தினாள். "ரெண்டாயிரம் வருசமாச்சக்கா. வெறி முறிஞ்சிருக்கும். கழுவுங்கோ."

ஓடுகளை வெறும் தண்ணீரில், மெல்லிய பிரஷால் கழுவலாம். உட்புறத்தில் கறுப்பாக ஒட்டியிருந்தால் அதைத் தேய்க்கக்கூடாது. உலோகம் எது வந்தாலும் நனைக்கக் கூடாது, துடைக்கக் கூடாது, அப்படியே தரவேண்டும். மதுசா முதல் நாளே இவ்வளவையும் இரண்டு தடவை சொல்லியிருந்தாள்.

அன்று பின்னேரம் வீட்டில் பதியுதீன் கதைத்தார்.

கதைத்தார் என்றால் வேறு வீடுகளில் அது ஒரு செய்தியல்ல. இந்த வீட்டில் செய்தி. உப்பளத்தில் வேலை செய்த காலத்திலும், வெங்காயத் தோட்டங்களில் கூலிக்குப் போன காலத்திலும், இரண்டு பெண்பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்த காலத்திலும் அவர் ஒரு நாளைக்குப் பேசிய சொற்களை நஃபீஸா விரல்விட்டு எண்ணியிருக்கலாம். கோபக்காரர் அல்ல. பேசாமல் இருப்பார், அவ்வளவுதான். அவளும் அந்தப் பேசாமைக்குள் தனக்கென்று ஒரு கதிரையைப் போட்டு இருக்கப் பழகிவிட்டிருந்தாள். அதில் குறையொன்றும் இருப்பதாக அவள் நினைத்ததில்லை.

அன்று அவர் முற்றத்தில் இருந்து தேத்தண்ணீரை ஆறவிட்டுவிட்டுக் கதைத்தார். குதிரையின் கால் தூக்கியபடி இருந்ததைச் சொன்னார். பிறப்புப் பத்திரத்தை எடுத்துவரச் சொல்லி, இனம் என்ற இடத்தில் இலங்கைச் சோனகர் என்று எழுதியிருப்பதை விரலால் தொட்டுக் காட்டினார். "பாத்தியா புள்ள? எங்கட ஆக்களும் கடலாலதான் வந்தாங்களாம். நாமளும் கடலாலதான் வந்தோம். இறங்கினதும் இந்தக் கரையிலதான்."

நஃபீஸா அசையாமல் இருந்தாள். மன்னாரிலிருந்து கற்பிட்டிக்கு வந்த அந்தப் படகைப் பற்றி அவர் வாய் திறந்தது இதுதான் முதல் தடவை.

"வியாழக்கிழமைக்கு அந்த வெள்ளச் சட்டையை அயன் பண்ணி வை," என்றார். "பேராசிரியர் வரக்குள்ள பக்கத்துல நிக்கச் சொல்லிருக்காங்க."

அவள் அலுமாரியைத் திறந்து சட்டையை எடுத்தாள். சட்டைக்குக் கீழே, கடதாசியில் சுற்றி, அவளுடைய வாப்பாவின் படம் இருந்தது. சுவரில் மாட்ட முடியாத படம். கதிரை தெரியும், கதிரையின் கையில் வைத்த கை தெரியும், தொப்பியின் விளிம்பு தெரியும். இடையில் வெறும் வெள்ளை. தொண்ணூறாம் ஆண்டு, ஆயுதங்களோடு வந்த இயக்கக்காரர், முஸ்லிம்கள் எல்லோரையும் கையில் அகப்பட்டதை மட்டும் எடுத்துக்கொண்டு ஊரை விட்டுப் போகச் சொன்ன அன்று, சுவரிலிருந்து அந்தப் படத்தைக் கழற்றி, சாரத்தோடு இடுப்பில் கட்டிக்கொண்டவர் பதியுதீன். கலியாணமாகி ஆறு மாதம்தான். அவளுடைய வாப்பா அதற்கு முன்பே மவுத்தாகிவிட்டார், மருமகனைப் பார்த்ததில்லை. அந்த ஒரு படம்தான் உலகத்தில் இருந்தது. படகுக்குள் கடல் தண்ணீர் ஏறியது. கரையில் ஒரு தென்னை மரத்தின் கீழ் பதியுதீன் சாரத்தை அவிழ்த்து, ஒட்டியிருந்த துணியைப் படத்திலிருந்து மெல்ல உரித்தார். மெல்லத்தான் உரித்தார். முகம் துணியோடு வந்துவிட்டது.

அவள் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகும் சொல்லவில்லை. படத்தைக் கடதாசியில் சுற்றி வைத்தாள்.

புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு மதுசா கற்பிட்டிக்குப் போனாள். பேராசிரியர் தங்குவதற்கு இடம் பார்க்கவேண்டியிருந்தது. புறப்படும்போது சிறு பொருட்கள் வைக்கும் தகரப் பெட்டியைக் கொண்டுவந்து நஃபீஸாவின் பக்கத்தில் வைத்தாள்.

"இதை ஒருக்காப் பாத்துக்கொள்ளுங்கோ அக்கா. நாளைக்குப் பேராசிரியர்ட கமராவில வடிவாப் படம் எடுப்பம். உங்களிட்ட இருந்தா எனக்குப் பயமில்லை."

அக்னஸ் வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். கொட்டிலுக்குள் நஃபீஸா மட்டும். அரிதட்டு சரக் சரக்கென்றது. பெட்டி பூட்டியிருக்கவில்லை.

பார்க்கத்தான் திறந்தாள். பஞ்சு வைத்த சின்ன டப்பாவில் காசு இருந்தது. நேற்றைவிட இன்னும் அழுக்காக, இன்னும் சின்னதாகத் தெரிந்தது. நாளைக்குக் கொழும்பிலிருந்து ஒரு பெரிய மனிதர் இவ்வளவு தூரம் வாகனத்தில் வந்து இறங்கி, இதைக் கையில் வாங்கி, என்னத்தைக் காணப்போகிறார்? ஒரு பச்சை அழுக்கை. பக்கத்தில் அயன் பண்ணிய வெள்ளைச் சட்டையோடு பதியுதீன் நிற்பார். இது ஒன்றுமில்லை என்று அந்த மனிதர் சொல்லிவிட்டால், மீன்முள்ளை வெட்டிய அதே சிவப்பு மை இதையும் பேரோடு சேர்த்து வெட்டிவிடும்.

காலையில் கடையில் வாங்கிய பழப்புளி ஷொப்பிங் பையில் அவள் பக்கத்திலேயே இருந்தது.

மிஸ் சொன்னது அவளுக்கு ஞாபகம் இல்லாமல் இல்லை. ஆனால் அது செம்பைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்களுக்குச் சொன்னது என்று அவள் மனம் ஒரு பக்கத்தில் ஒதுக்கி வைத்தது. எருக்கலம்பிட்டியில் கலியாண வீடென்றால் படிக்கமும் வெற்றிலை வட்டாவும் செப்புச் சருவமும் துலக்குவதற்கு அவளுடைய உம்மாவிடம்தான் வரும். கறுத்துப்போய், களிம்பேறி வரும். பத்து வயதிலிருந்து கிணற்றடியில் குந்தியிருந்து புளி போட்டுத் துலக்கியவள் அவள். முகம் பார்க்கலாம் போலத் திருப்பி அனுப்புவார்கள். ஒரு பாத்திரம்கூடப் பழுதானதில்லை.

ஒரு துண்டு புளியைக் கிள்ளி, இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பிசைந்தாள். தலை இருந்த பக்கத்தை மேலே வைத்து, பெருவிரலால், குழந்தையின் நெற்றியைத் தடவுவது போலத் தேய்த்தாள். முதலில் மண்ணிறமாகத் தண்ணீர் வந்தது. பிறகு பச்சையாக வந்தது. துணியால் ஒற்றினாள். மறுபடியும் தேய்த்தாள்.

முதலில் நெற்றி வந்தது. பிறகு மூக்கு. பிறகு கண்.

ஒரு ஆண். வலப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். தாடி இல்லை. சுருண்ட முடியைச் சுற்றி ஒரு நாடா, பின்னால் முடிச்சு. முடிச்சிலிருந்து இரண்டு வால்கள் கழுத்துவரை தொங்கின. உதடு லேசாகத் திறந்திருந்தது, ஏதோ சொல்ல வந்து சொல்லாமல் விட்டது போல. நஃபீஸா கையை எடுத்துவிட்டுப் பார்த்தாள். எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று அவளுக்கே தெரியாது. அரிதட்டின் சத்தம்கூட அப்போது அவளுக்குக் கேட்கவில்லை.

கன்னத்தில் மட்டும் ஒரு பொருக்கு மிச்சமிருந்தது. அதையும் எடுத்துவிட்டால் முடிந்தது. ஈரத்துணியை வைத்து அழுத்திச் சற்றுப் பொறுத்து, எடுத்தாள்.

துணியோடு எல்லாம் வந்துவிட்டது. அவித்த முட்டையின் தோல் கழன்று வருவது போல, பச்சைத் தோல் ஒன்றாக உரிந்து வந்தது. கீழே சிவப்பாக, கறையான் அரித்த பலகைபோலக் குழிகுழியாக ஒரு உலோகம். நெற்றி இல்லை, மூக்கு இல்லை. துணியில் பச்சையாக ஒரு கறை.

ஒரு முகம் துணியோடு போவதை அவள் முன்பும் ஒரு தடவை கண்டிருக்கிறாள். அதனால்தானோ என்னவோ கத்தவில்லை. காசைப் பஞ்சில் வைத்து, குதிரை இருந்த பக்கத்தை மேலே திருப்பி, பெட்டியை மூடிவிட்டு இருந்தாள்.

அக்னஸ் வாளியோடு வந்தாள். "என்ன நஃபீஸாக்கா, புளி மணக்குது? இங்கயே குழம்பு வைக்கிறியளோ?" என்று கேட்டவள், அவளுடைய முகத்தைக் கண்டதும் வாளியைக் கீழே வைத்தாள். நஃபீஸா பெட்டியைத் திறந்து காட்டினாள்.

"மாதாவே," என்றாள் அக்னஸ். கொஞ்ச நேரம் இருவரும் அதைப் பார்த்தார்கள். பிறகு அக்னஸ் குரலைத் தாழ்த்தினாள். "சேத்தில ஒருக்காப் பிரட்டி வைப்பமே? ரெண்டாயிரம் வருசம் மண்ணுக்க கிடந்த சாமான். இன்னும் ஒரு நாள் கிடந்தாக் காணாதே?"

"விளையாடாத அக்னஸ்."

"விளையாடேல்லை அக்கா. எனக்கு வேற ஒண்டும் தோணேல்லை."

"அவர்ட பேர வெட்டிடுவாங்களா?"

அக்னஸ் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு நஃபீஸாவின் முழங்காலில் வைத்தாள். அன்று முழுவதும் அவள் ஒரு பகிடியும் விடவில்லை. மதுசா பிந்தித்தான் வந்தாள். பெட்டியைத் திறந்து பார்க்காமல் எடுத்துக்கொண்டு போனாள்.

பின்னேரம் நஃபீஸா மீன் குழம்பு வைத்தாள். சொல்லவேண்டும் என்று மஃரிப் தொழுகைக்கு முன் ஒரு தடவை வாயெடுத்தாள். பதியுதீன் முற்றத்தில் நாளைக்கென்று செருப்பைக் கழுவிக்கொண்டிருந்தார். சொல்ல முடியவில்லை. தொழுதபின் சோறு போட்டாள். குழம்பை ஊற்றும்போது அவருடைய கண் அவளுடைய கையில் வந்து நின்றதை அவள் கண்டாள். தன் கையைத் தானும் பார்த்தாள். பெருவிரல் நகத்துக்குக் கீழே, கழுவியும் போகாமல், பச்சை.

அவர் சாப்பிட்டார். ஒரு சொல் இல்லை. நேற்று அவ்வளவு கதைத்த மனிதர் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போய்ப் படுத்தார். அவள் முப்பத்துநாலு வருடம் பழகிய அதே பேசாமைதான். ஆனால் அதற்குள் அவளுடைய கதிரையை இன்று காணவில்லை.

வியாழக்கிழமை காலை அவர் வெள்ளைச் சட்டையைப் போட்டார். பெரிய தெருவில் ஓட்டோவால் இறங்கித் தோட்டத்துக்குக் கால்மணி நேரம் மண்பாதையில் நடக்கவேண்டும். பாதையின் ஒரு பக்கம் மிளகாய்த் தோட்டங்கள், மறுபக்கம் கழுதைகள் மேயும் வெளி. தூரத்தில் மின்சாரக் காற்றாடிகள் சுற்றிக்கொண்டிருந்தன. அவர் முன்னாலும் அவள் இரண்டு எட்டுப் பின்னாலும் நடந்தார்கள்.

"எந்தப் பக்கம்?" என்று கேட்டார் அவர், திரும்பாமல்.

அவள் நடந்தபடியே சொன்னாள். "முகம் இருந்த பக்கம்."

அவர் நடந்தார். ஒரு தோட்டம் முடிந்து அடுத்த தோட்டம் வந்தது. அதுவும் முடிந்தது. நீரிறைக்கும் இயந்திரம் ஒன்று எங்கோ இருமிவிட்டு நின்றது.

"குதிரை?"

"குதிரை அப்பிடியே இருக்கு. தொடல்ல."

மறுபடியும் நடை. ஒரு கழுதை பாதையில் வந்து நின்று அவர்களைப் பார்த்தது. அவர் அதை விலக்கவில்லை, அது போகும்வரை நின்றார். நின்றபடி சொன்னார்.

"வாப்பாட படத்த நான் உரிச்சப்ப நீ ஒண்டும் சொல்லல்ல."

"அது வேற."

"என்ன வேற?"

அவள் கழுதையைப் பார்த்தாள்.

"முப்பத்துநாலு வருசம் புள்ள. ஒரு சொல்லு ஏசல்ல நீ. ஏசியிருந்தா அண்டைக்கே அழுதிட்டு விட்டிருப்பன். நீ கடதாசியில சுத்தி வெச்சிட்ட. நான் அதுக்குப் பிறகு உனக்கிட்ட என்னத்தக் கதைக்கிற?"

நஃபீஸா சால்வையின் நுனியை வாயில் வைத்துக்கொண்டாள். இத்தனை காலமும் அவருடைய பேசாமையைப் போன ஊருக்கும் போன கடலுக்கும் உரியது என்று எண்ணியிருந்தாள். தான் காட்டிய பொறுமை அவர் தலையில் ஒரு மூட்டையாக ஏறியிருக்கும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

"நீ இப்ப ஏசு," என்றார் அவர். "ஏசி முடி. பிறகு நான் ஏசுறன். கணக்குச் சரியாப் போகும்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கப் போய் அழுகை வந்தது. அவர் நின்று, அவளைத் தனக்குப் பக்கத்தில் வரவிட்டு, பிறகு நடந்தார்.

"நான் தேய்ச்ச எண்டு மிஸ்ஸுக்குச் சொல்றன். எனக்குக் கிடைச்ச காசு தானே."

"வேணாம். என்ட கையால செஞ்ச வேல. நானே சொல்றன்."

மதுசா கொட்டிலில் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நஃபீஸா பெட்டியைத் திறக்கச் சொன்னாள். டப்பாவை எடுத்து, காசைத் திருப்பி வைத்து, நடந்ததை நடந்த மாதிரியே சொன்னாள். புளியைச் சொன்னாள். துணியைச் சொன்னாள். மதுசா கவிழ்த்து வைத்திருந்த வாளியின்மேல் அப்படியே இருந்துவிட்டாள். கண்கள் சிவந்தன. பதியுதீன் கொட்டிலின் வாசலில், வெள்ளைச் சட்டையோடு, கைகளை முன்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"நனைக்கக் கூடாதெண்டு சொன்னனான் அல்லோ அக்கா."

"சொன்னீங்க மிஸ்."

"பிறகேன்?"

"ஊத்தையோட இருக்கிற எண்டு நினைச்சேன். பெரிய ஆள் வரக்குள்ள... முகத்தக் கழுவி விடுவம் எண்டு."

மதுசா உதட்டைக் கடித்துக்கொண்டாள். "அது ஊத்தை இல்லை அக்கா. செம்பை உப்பு மண் எப்பவோ தின்று முடிச்சிட்டுது. முகம் மிஞ்சினதே அந்தப் பச்சையிலதான்."

நஃபீஸா தலையைக் குனிந்தாள். "அவர்ட பேர வெட்டிடாதீங்க மிஸ். கண்டெடுத்தது அவர்தான். பழுதாக்கினது நான். என்ன வேலயால நிப்பாட்டுங்க."

மதுசா பதிவுப் புத்தகத்தை எடுத்தாள். இருநூற்றுப் பதினான்காம் வரியைத் தேடினாள். பேனையைத் திறந்தாள். நீல மைதான் என்பதை நஃபீஸா கண்டாள்.

"கிடைச்சது கிடைச்சதுதான். அதை ஏன் வெட்டுவான்? ஆனா நடந்ததை எழுதத்தான் வேணும் அக்கா. ஒளிச்சா அதுதான் பிழை." எழுதியபடியே வாசித்தாள். "தலைப்புறம் புளியால் தேய்க்கப்பட்டதில் அழிந்தது. தேய்த்தவர், ப. நஃபீஸா."

ஒரே இலக்கத்தில், அவர் பெயருக்குக் கீழே அவள் பெயர். வாசலில் நின்றவர் கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

மதுசா தொலைபேசியை எடுத்தாள். "செவ்வாய்க்கிழமை அவசரத்தில ஒரு படம் எடுத்தனான்." திரையைக் காட்டினாள். பச்சை வட்டத்தின் பாதியை வெயில் வெள்ளையாக்கியிருந்தது. "இதை வெச்சு ஒண்டும் சொல்லேலாது. ஆம்பிளையோ பொம்பிளையோ எண்டும் தெரியேல்லை."

"ஆம்பிளை," என்றாள் நஃபீஸா.

மதுசா நிமிர்ந்தாள். "உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"பாத்தேனே மிஸ். உரிஞ்சு வர முன்னுக்கு. கொஞ்ச நேரம். கண்ணாடியில பாக்கிற போலத் தெரிஞ்சிச்சு."

பேனை மறுபடியும் திறந்தது. "சொல்லுங்கோ. எல்லாத்தையும் சொல்லுங்கோ அக்கா. எந்தப் பக்கம் பாத்தபடி?"

"வலப்பக்கம். தாடி இல்ல. முடி சுருள். முடியச் சுத்தி ஒரு நாடா."

"நாடாவோ? தொப்பியோ, இலையோ இல்லையே?"

"நாடாதான். பின்னால முடிச்சு. முடிச்சில இருந்து ரெண்டு வால். ஒண்டு நேராத் தொங்குது, மற்றது காத்துல போற மாதிரிக் கொஞ்சம் வளைஞ்சி."

மதுசாவின் கை ஒரு கணம் நின்றது. "அந்த நாடா கிரேக்க அரசர்மார் கட்டுறது," என்றாள் மெல்ல. பிறகு வேகமாக எழுதினாள். கண்டக்குழியிலிருந்து அப்போதுதான் வந்து சேர்ந்த அக்னஸ், வாசலில் பதியுதீனுக்குப் பின்னால் நின்று நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"மூக்கு?"

"நேரான மூக்கு. நடுவில மட்டும் ஒரு சின்ன மேடு." நஃபீஸா தன் மூக்கின் மேல் விரலை வைத்துக் காட்டினாள். "எங்கட வாப்பாட மூக்குப் போல."

சொன்ன பிறகுதான் அவள் சொன்னதைக் கேட்டாள். மதுசா, இதையும் எழுதவா என்பது போல அவளைப் பார்த்தாள். பிறகு, நடுவில் சிறு மேடு என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

பெரிய தெருப் பக்கம் ஒரு வாகனத்தின் ஹோர்ன் கேட்டது. மதுசா புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்தாள். "நீங்கள் ரெண்டு பேரும் இங்கயே நில்லுங்கோ. பேராசிரியரிட்ட நீங்களே சொல்லவேண்டி வரும் அக்கா. நான் எழுதினதைவிட நீங்கள் சொன்னாத்தான் நல்லது." அக்னஸையும் இழுத்துக்கொண்டு போனாள்.

கொட்டிலுக்குள் இரண்டு பேர். கச்சான் காற்று ஓலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தது. ஆட்டுவாரின்றி அரிதட்டு கயிற்றில் தானாக அசைந்தது. பதியுதீன் உள்ளே வந்து, அக்னஸ் வழக்கமாக இருக்கும் பலகையில், அவளுக்குப் பக்கத்தில் இருந்தார். சட்டை கசங்குவதைப் பற்றி யோசிக்கவில்லை.

பிறகு கேட்டார்.

"கண் எப்பிடி?"

அவர் காசைப் பற்றிக் கேட்கவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. தன் பெருவிரல் நகத்தின் பச்சையைப் பார்த்தபடி அவள் சொல்லத் தொடங்கினாள்.

"சின்னக் கண். சிரிச்சா ரெண்டும் மூடிக்கும். வாப்பா சிரிக்கிறாரா, தூங்குறாரா எண்டு உம்மா கேப்பா..."